"உடம்பக் குறைச்சுட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புறது வைத்தியமா? - டாக்டரம்மா பதில்கள்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தப்ப பாதிக்கு மேல ஒரே விஷயம், எடை. மூட்டு வலின்னு போனா எடை, மூச்சு வாங்குதுன்னு போனா எடை, பீரியட்ஸ் சரியா வரலன்னு போனா எடை, ஒரு ஆச்சி காதுவலிக்குப் போயும் எடையப் பத்திக் கேட்டுட்டுத்தான் திரும்பி வந்துருக்காக. அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 43 வயசு, 96 கிலோ. ஒரு வருஷமா மச்சுப்படி ஏறுனா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ரெண்டு டாக்டர்ட்ட போனேன், ரெண்டு பேருமே நான் சேர்ல உக்காருறதுக்குள்ள உடம்பக் குறைங்கன்னு சொல்லிட்டாக. ஒருத்தர் நெஞ்சுல குழா கூட வச்சுப் பாக்கல, செட்டிநாட்டு சாப்பாடுல்லன்னு சிரிச்சாக. நானும் ஆறு மாசம் நடந்தேன், பணியாரம் பலகாரம் எல்லாத்தையும் விட்டேன், 5 கிலோ குறைஞ்சுச்சு ஆனா மூச்சு வாங்குறது கூடத்தான் ஆச்சு. போன வாரம் ரத்ததான முகாமுக்குப் போனேன், விரல்ல குத்திப் பாத்துட்டு 6.9 தான் இருக்கு, உங்களுக்கே ஏத்தணும்னு திருப்பி அனுப்பிட்டாக. உடம்பு இவ்ளோ இருக்கையில ரத்தம் எப்படிக் கம்மியாகும்? - வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, மொதல்ல பத்திரிகைய கீழ வச்சுட்டு டாக்டர்ட்ட போங்க, மிச்சத்த வந்து படிச்சுக்கலாம். உங்க வயசுப் பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும், 8க்குக் கீழ போனா கடுமையான ரத்தசோகை, உங்களுக்கு 6.9. ஆக்ஸிஜன சுமந்துட்டுப் போறதுக்கு ரத்தத்துல ஆளே இல்லாதப்ப இதயம் வேகமா ஓடித்தான் ஈடு கட்டணும், அந்தப் படபடப்பு அதுதான். இதோட நெஞ்சுவலி, படுத்தா மூச்சு முட்டுறது, கால் வீக்கம், கிறுகிறுத்து விழுறது எது இருந்தாலும் நாளைக்குன்னு தள்ளாதீங்க.

சதை இருந்தா ரத்தமும் இருக்கும்ங்கிறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்குற நினைப்பு, பல டாக்டர்ங்களுக்கும் உள்ளுக்குள்ள அது இருக்கு. ஆனா அது உண்மையே இல்ல. இன்னும் சொல்லப்போனா உடம்புல கொழுப்பு கூடுறப்ப ஒரு மெல்லிசான அழற்சி ஓடிக்கிட்டே இருக்கும், அதுனால கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு சமாச்சாரத்த கூடுதலா சுரக்கும், அது குடல்ல இரும்புச்சத்து உள்ள போறதயே தடுக்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு எடை கூடுதல்னு வந்துருக்கு, இந்த ரெண்டு கணக்குலயும் சேந்து நிக்கிறவுக நிறைய பேர், நீங்க அதுல ஒருத்தர். பச்சரிசிய வாயில அள்ளிப் போடணும்னு, ஐஸ்கட்டியக் கடிக்கணும்னு உங்களுக்குத் தோணுதான்னு யோசிச்சுப் பாருங்க, அதுவும் இரும்புச்சத்துக் குறைவுதான்.

இப்ப முக்கியமான கேள்வி, ரத்தம் எங்க போகுது? பீரியட்ஸ் எப்படின்னு நீங்க எழுதல, அந்த ரெண்டு பேரும் கேட்ட மாதிரியும் தெரியல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நாப்கின் மாத்துறது, கட்டி கட்டியாப் போறது, 7 நாளுக்கு மேல நீளுறது, இதுல ஏதாச்சும் இருந்தா மகப்பேறு டாக்டர்ட்ட போயி வயித்துக்கு ஸ்கேன் எடுக்கணும், ஃபைப்ராய்டு கட்டி இருக்கலாம், கர்ப்பப்பை உள்சவ்வ சோதிக்கச் சொன்னா பயந்து தள்ளிப் போடாதீங்க. அதோட மூலம் இருக்கா, மூட்டு வலிக்குன்னு மருந்துக்கடையில வாங்கிப் போட்ட வலி மாத்திரையால வயித்துப் புண்ணு கசியுதா, தைராய்டு எப்படி இருக்கு, எல்லாம் பாக்கணும்.

எனக்கு மனசு ஆறாத இடம் ஒண்ணு இருக்கு. எடை கூட உள்ள பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை உள்சவ்வுல புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடன்னு நாங்க படிச்ச புத்தகத்துலயே இருக்கு. அப்ப அப்படி ஒருத்தவுக வந்தா மத்தவுகள விடக் கூடுதலாத்தானே கேக்கணும், கூடுதலாத்தானே தொட்டுப் பாக்கணும், நடக்குறது என்னன்னா எடையக் காரணம் காட்டியே ஒண்ணும் பாக்காம அனுப்பிடுறாக. உங்க விஷயத்துல ஒரு வருஷம் போயிருச்சு.

2001ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, 122 டாக்டர்ங்ககிட்ட தலைவலின்னு வந்த நோயாளியோட கேஸ் ஷீட்ட குடுத்தாங்க, எல்லாருக்கும் ஒரே கேஸ்தான், எடைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்தாங்க. எடை கூடக்கூட இவங்களோட நான் செலவழிக்கிற நேரம் கம்மியாத்தான் இருக்கும்னு அந்த டாக்டர்ங்களே எழுதிக் குடுத்துருக்காங்க. தலைவலிக்கு எடை என்ன பண்ணும் சொல்லுங்க.

நானும் இதப் பண்ணிருக்கேன், இத எழுதாம மத்தவுகள மட்டும் சொல்றது சரியில்ல. வேலைக்குச் சேந்த புதுசு, ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு அம்மா அசதியா இருக்கு, முகம் வீங்குதுன்னு மூணு தடவ வந்தாக, நல்ல பருமனான உடம்பு, மூணு தடவையும் சோத்தக் குறைங்க நடங்கன்னு சொல்லி அனுப்புனேன். நாலாவது தடவ நான் லீவு, எனக்குப் பதிலா வந்தவர் அந்தம்மா குரல் கட்டியிருக்குறதக் கவனிச்சு ரத்தம் எடுத்து அனுப்புனாரு, தைராய்டு ரொம்ப மோசமாக் குறைஞ்சு கிடந்துச்சு. அந்த ஓ.பி. சீட்ட எடுத்துப் பாத்தேன், மூணு தேதிக்கு நேராவும் என் கையெழுத்துல எடை குறைக்கவும், எடை குறைக்கவும், எடை குறைக்கவும்னு மட்டும்தான் இருந்துச்சு. முப்பது வருஷம் ஆச்சு, அந்த சீட்டு இன்னும் என் கண்ணுல நிக்குது.

கேள்வி: மேம், நான் காரைக்குடில எம்.எஸ்சி. படிக்கிறேன். காலேஜ் கேம்ப்ல என் பி.எம்.ஐ 27, ஒபீஸ்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. என் அமெரிக்கா சித்தி மகன் அதே 27 தான், அவனுக்கு ஓவர்வெயிட்னு மட்டும்தான் சொல்லிருக்காங்க. ஒரே நம்பர், எப்படி வேற வேற? - மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, நல்ல கேள்வி. எடைய உயரத்தோட வர்க்கத்தால வகுக்குற இந்தக் கணக்க மொதல்ல போட்டவரு டாக்டரே கெடையாது, 1830கள்ல பெல்ஜியத்துல இருந்த அடால்ஃப் கெட்லேன்னு ஒரு வானியல், புள்ளியியல் அறிஞர். அவருக்கு வேண்டியது சராசரி மனுசன் எப்படி இருப்பான்னு ஒரு கணக்கு, யாருக்கு நோய் வரும்னு பாக்க அவர் அத போடல. நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு 1972ல ஆன்செல் கீஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி அத எடுத்து பாடி மாஸ் இண்டெக்ஸ்னு பேர் வச்சாரு, 5 நாட்டுல 7,400 பேருக்கு மேல அளந்து பாத்தாரு, அத்தனை பேரும் ஆம்பளைங்க. இந்தியா அதுல இல்ல. கூட்டம் கூட்டமா ஆய்வு பண்றதுக்கு லேசான அளவுன்னுதான் அத அவர் முன்வச்சது, அது எப்படியோ ஒவ்வொருத்தர் சீட்டுலயும் தீர்ப்பு மாதிரி எழுதுற நம்பரா ஆயிருச்சு.

கோடு எங்க போடுறதுங்கிறதும் மாறிக்கிட்டேதான் இருந்துருக்கு. அமெரிக்காவுல 1998 வரைக்கும் ஆம்பளைங்களுக்கு 27.8, பொம்பளைங்களுக்கு 27.3 தாண்டுனாத்தான் எடை கூடுதல், அந்த வருஷம் அத 25ன்னு குறைச்சாங்க, கோடிக்கணக்கான பேர் ஒரு கிராம் கூடாமயே எடை கூடுனவங்களா ஆயிட்டாங்க. நம்ம கதை வேற, ஆசியாக்காரங்களுக்கு எடை கம்மியா இருக்கப்பவே சுகர், இதயநோய் வந்துருதுன்னு 2004ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 23லயே கவனிக்க ஆரம்பிக்கணும்னு சொன்னுச்சு, இந்திய டாக்டர்ங்க 2009ல கூடிப் பேசி 23க்கு மேல எடை கூடுதல், 25க்கு மேல ஒபிசிட்டின்னு வச்சாங்க. அதான் உங்க சித்தி மகனுக்கு அங்க ஒரு பேரு, உங்களுக்கு இங்க ஒரு பேரு. நம்மளுக்குக் கோட்ட கீழ எறக்குனதுல நியாயம் இருக்கு, அது ஓரவஞ்சனை இல்ல.

ஆனா அந்த நம்பருக்கு சதை எது கொழுப்பு எதுன்னு தெரியாது, கொழுப்பு தொடையில இருக்கா ஈரல சுத்தி இருக்கான்னும் தெரியாது. 2023ல அமெரிக்க மருத்துவச் சங்கமே பி.எம்.ஐய மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்கன்னு தீர்மானம் போட்டுச்சு, 2025 ஜனவரில லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு ஒண்ணு பி.எம்.ஐ மட்டும் போதாது, இடுப்பளவும் பாக்கணும், அந்த எடையால உறுப்பு ஏதாச்சும் பாதிச்சிருக்கா, அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இருக்கான்னு பாத்துத்தான் நோய்னு சொல்லணும்னு எழுதுனாங்க. வீட்டுல ஒரு வேலை பண்ணுங்க, உங்க உயரத்துக்கு ஒரு நூல் எடுத்து சரிபாதியா மடிச்சு இடுப்பச் சுத்திப் பிடிங்க, சுத்தி வந்து முட்டுச்சுன்னா நல்லது, முட்டலன்னா வெறும் வயித்துல சுகர், கொழுப்பு, பி.பி. மூணையும் பாத்துருங்க. அந்த சீட்ட விட இந்த நூல் கூடுதலாச் சொல்லும்.

கேள்வி: எனக்கு 51 வயசு, 57 கிலோ, சின்ன வயசுலருந்து ஒல்லி. தேவகோட்டையில கடை வச்சிருக்கேன். கால் புண்ணு ஆறலன்னு போனப்பதான் சுகர் 340ன்னு தெரிஞ்சுச்சு. இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவ டாக்டர்ட்ட போயிருக்கேன், ஒல்லியா இருக்கீங்க உங்களுக்கு சுகர் எங்க வரப்போகுதுன்னே சொல்லிருக்காக. - வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, கோட்டையூர் ஆச்சிய எடையப் பாத்து விட்டுட்டாக, உங்கள ஒல்லியப் பாத்து விட்டுட்டாக, தப்பு ஒண்ணுதான், கண்ணால பாத்தே முடிவு பண்ணது.

2004ல லான்செட்ல ஒரு போட்டோ வந்துச்சு, ரெண்டு விஞ்ஞானிங்க பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, ஒருத்தர் புனேக்காரர் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன்காரர் யுட்கின், ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ அச்சு அசலா 22.3. உடம்புக்குள்ள கொழுப்ப அளந்தா லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. கை கால் ஒல்லி, உள்ள கொழுப்பு, இதுதான் நம்ம நாட்டு உடம்பு, பொறக்குற பிள்ளைக கிட்டயே இது இருக்குன்னு யாஜ்னிக் குழு புனேயில காட்டுனாங்க. சென்னையில இருக்குற மெட்ராஸ் டயாபடிஸ் ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) கூட சேந்து நாடு பூரா பண்ண ஆய்வு 2023ல வந்துச்சு, 10.1 கோடிப் பேருக்கு சுகர், இன்னும் 13.6 கோடிப் பேர் அதுக்கு முந்துன படியில நிக்கிறாக. 30 வயசு தாண்டுனா எந்த உடம்பா இருந்தாலும் சுகர் பாத்துரணும், மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லருந்து வீட்டு வாசலுக்கே வந்து பாக்குறாக, எனக்கெதுக்குன்னு கதவச் சாத்தாதீங்க.

உங்களுக்கு ரெண்டு விஷயம். கால் புண்ண தினமும் டாக்டர் சொல்ற மாதிரி கட்டுங்க, வெறுங்கால்ல கோவில சுத்துறத புண்ணு ஆறுற வரைக்கும் நிப்பாட்டுங்க, சாமி கோவிச்சுக்காது. ரெண்டாவது, அடிக்கடி மேல் வயித்து வலி வந்து முதுகுக்குப் பாயுமா, எடை மளமளன்னு குறையுதா, அப்படின்னா கணையத்த ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஒல்லியா இருக்குறவுகளுக்கு வர்ற சுகர்ல அந்த வகையும் உண்டு.

கேள்வி: என் மகளுக்கு 16 வயசு, 79 கிலோ. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவதான் வீட்டுக்குத் தூரம் ஆகுறா. கழுத்துப் பின்பக்கம் கறுத்துக் கெடக்கு, தேய்ச்சாலும் போகல. போன மாசம் ஒரு கல்யாணத்துல எங்க நாத்தனா, பந்தியில எல்லாரும் இருக்கப்ப, இவளுக்கு இன்னொரு பணியாரம் வைக்காதீங்கன்னு சொல்லிட்டாக. அன்னைலருந்து விசேஷத்துக்கே வரமாட்டேங்குறா, டாக்டர்ட்டயும் வரமாட்டேங்குறா, எல்லாருக்கும் முன்னாடி மெஷின்ல ஏறச் சொல்லுவாகன்னு அழுகுறா. ராத்திரி நாங்க தூங்குனப்பறம் அடுக்களையில எதையாச்சும் எடுத்துத் திங்கிறா. - தாயார், பள்ளத்தூர்

பதில்: தங்கச்சி, இந்தக் கடுதாசிய நான் மூணு தடவ படிச்சேன்.

மொதல்ல கழுத்து. அது அழுக்கு இல்லம்மா, பீர்க்கங்கூட்டப் போட்டு தேய்க்காதீங்க. இன்சுலின் சுரக்குது ஆனா உடம்பு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது, அதோட அடையாளம்தான் அந்தக் கறுப்பு. பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போறதயும் சேத்துப் பாத்தா பி.சி.ஓ.டி.ங்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம், சுகர், தைராய்டு, ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எடுக்கணும். பி.சி.ஓ.டி.ல எடை கூடுறதுக்கு அந்த ஹார்மோன் குழப்பமும் ஒரு காரணம், எடை கூடக்கூட குழப்பம் இன்னும் கூடும், ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும். இது அவ சோம்பேறித்தனம் இல்ல.

ராத்திரி எடுத்துத் திங்கிறதப் பத்திச் சொல்றேன், அவள புடிச்சுத் திட்டாதீங்க. மேல ஆன்செல் கீஸ்னு ஒருத்தரச் சொன்னேன்ல, அவரேதான் ரெண்டாம் உலகப் போர் சமயம், 1944-45ல, அமெரிக்காவுல மின்னசோட்டாங்கிற இடத்துல 36 ஆரோக்கியமான வாலிபப் பசங்கள அவங்க சம்மதத்தோட ஆறு மாசம் அரை வயிறாப் போட்டுப் பாத்தாரு. ஒரு நாளைக்கு சுமார் 1,600 கலோரி, இன்னைக்கு டயட் சார்ட்னு எழுதிக் குடுக்குறதே பல நேரம் அதவிடக் கம்மி. அந்தப் பசங்க நாள் பூரா சாப்பாட்டப் பத்தியே பேசுனாங்க, சமையல் குறிப்பு சேத்து வச்சாங்க, கனவுலயும் சோறு, எரிச்சல், அழுகை, கொஞ்சம் பேர் திருட்டுத்தனமா வாங்கித் தின்னாங்க, கட்டுப்பாட்ட எடுத்தப்பறமும் வயிறு நிறையாம தின்னுக்கிட்டே இருந்தாங்க. திடமான வாலிபப் பசங்களுக்கே அப்படின்னா, பந்தியில அத்தனை பேர் முன்னாடி பணியாரத்த மறுத்துட்ட 16 வயசுப் பிள்ளை ராத்திரி அடுக்களைக்குப் போகாம வேற எங்க போகும்?

அப்பறம் பரம்பரை. நம்ம பக்கம் பிள்ளை கூட்டுறது உண்டுல்ல, அதே மாதிரி டென்மார்க்ல தத்துப் போன 540 பேர வளந்தப்பறம் 1986ல ஆராய்ச்சி பண்ணாங்க, அவங்க உடம்பு வாகு பெத்தவங்களோட ஒத்துப்போச்சு, சோறு போட்டு வளத்தவங்களோட ஒத்துப்போகல. வீட்டுச் சாப்பாடு முக்கியமே இல்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா உங்க அடுப்ப மட்டும் குத்தம் சொல்றவுகளுக்கு இதச் சொல்லுங்க. உங்க வீட்டு அப்பத்தா, ஐயா போட்டோ சுவத்துல மாட்டிருப்பீங்கள்ல, அதயும் ஒரு தடவ பாருங்க.

என்ன பண்ணணும்னா, அவளுக்குன்னு தனித்தட்டு வைக்காதீங்க, வீட்டுல எல்லாருக்கும் ஒரே சமையல், இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் காய், கவுனி அரிசி பாயசமா இல்லாம சோறா ஒரு நாள், பலகார டின்ன அவளுக்கு மட்டும் பூட்டாதீங்க, வேணும்னா வீட்டுக்கே வாங்குறதக் குறைங்க. டாக்டர்ட்ட நீங்க முன்கூட்டி போன் பண்ணி மகள தனியா உள்ள வச்சு எடை பாக்கணும்னு சொல்லுங்க, மெஷின்ல திரும்பி நின்னு நம்பரப் பாக்காம ஏறலாம், நம்பர சத்தமா சொல்லாதீங்கன்னு கேக்கலாம், அதெல்லாம் கேக்குறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அவ சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறாளா, கையக் கிழிச்சுக்குறாளான்னு மட்டும் கவனிங்க, அப்படின்னா மனநல டாக்டர் உடனே வேணும். நாத்தனாகிட்ட பேசுறது உங்க வீட்டுக்காரர் வேலை, அவுக அக்கா தங்கச்சிதானே, அவுகளே பேசட்டும், அதயும் உங்க மகளுக்குத் தெரியிற மாதிரி பேசட்டும்.

கேள்வி: எனக்கு ஆஸ்பத்திரில பி.பி. 164 காட்டுது, மகன் வாங்கிக் குடுத்த பெரிய பட்டை மெஷின்ல 146 காட்டுது. எத நம்புறது? எனக்குக் கை கொஞ்சம் பெருசு. - ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: பெரிய பட்டையத்தான் ஆச்சி. கையச் சுத்துற பட்டைக்குள்ள இருக்குற ரப்பர் பை கைச்சுத்தளவுல முக்கால்வாசிக்கு மேல வரணும், சின்னதா இருந்தா பி.பி.ய கூட்டிக் காட்டும். 2023ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல 195 பேர வச்சு அளந்து பாத்தாங்க, ரொம்பப் பெரிய பட்டை வேண்டியவங்களுக்கு சாதாரணப் பட்டையக் கட்டுனா மேல் அளவு சராசரியா 19.5 கூடுதலாக் காட்டுது, சின்னப் பட்டை வேண்டிய ஒல்லிக் கைக்கு சாதாரணப் பட்டை கட்டுனா குறைச்சுக் காட்டுது. கிட்டத்தட்ட 20 பாயிண்ட்டுன்னா ஒருத்தருக்கு மாத்திரை தேவையா இல்லையாங்கிறதே அதுல இருக்கு. உங்களுக்கு 146ம் அதிகம்தான், மாத்திரையை நீங்களா நிப்பாட்டாதீங்க, மெஷினயும் பட்டையையும் கையோட எடுத்துட்டுப் போயி டாக்டர் முன்னாடியே கட்டிக் காட்டுங்க.

கேள்வி: எடை குறையிற ஊசி வந்துருக்காமே, போட்டுக்கலாமா? - புதுவயல், திருப்பத்தூர், காரைக்குடின்னு ஏழெட்டுப் பேர்

பதில்: செமாக்ளுடைடு, டிர்செபடைடுன்னு வாரம் ஒரு ஊசி, எடை குறைப்புக்குன்னே 2025ல இந்தியாவுல வந்துருச்சு. வேலை செய்யுற மருந்துதான், செமாக்ளுடைடு ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சுச்சு. ஆனா நிப்பாட்டுனா ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துருச்சு, அதனால ஒரு கல்யாணத்துக்கு ஒல்லியாகணும்னு மூணு மாசம் போடுற மருந்து இது இல்ல, செலவையும் யோசிச்சுக்கங்க. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும், கணையம் வீங்குன ஆளுங்களும், மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் குடும்பத்துல உள்ளவங்களும் டாக்டர்ட்ட அத சொல்லியே ஆகணும். அழகு நிலையத்துல போட்டுக்காதீங்க, சீட்டு இல்லாம வாங்காதீங்க. பசி அடங்குறதுக்கு ஒரு ஹார்மோன் ஊசி போதும்னா, இத்தனை நாளா நாக்கக் கட்டத் தெரியாதவன்னு ஒருத்தர நாம சொன்னதெல்லாம் எவ்வளவு அநியாயம்னு எனக்குத் தோணுது.

கேள்வி: மேடம், நான் ஹவுஸ் சர்ஜன். உங்க பத்திய தொடர்ந்து படிக்கிறேன். எடையப் பத்திப் பேசுனா புண்படுத்துறோம்னு ஆகுது, பேசாம விட்டா கடமை தவறுறோம். அப்ப என்னதான் பண்றது? - சிவகங்கை

பதில்: பேசணும் தம்பி, பேசாம இருக்கக் கூடாது. சுகர், தூக்கத்துல மூச்சு நிக்கிறது, முழங்கால் தேய்மானம், ஈரல்ல கொழுப்பு, சில புற்றுநோய், இதுக்கெல்லாம் எடையோட தொடர்பு உறுதியானது, 5லருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே சுகரும் முழங்காலும் எவ்வளவோ தேவல ஆகும்.

ஆனா நீங்க படிக்கிற ஆராய்ச்சி அவ்வளவு நேர்கோடு கெடையாதுங்கிறதும் தெரிஞ்சுக்கங்க. 2013ல கேத்தரின் ஃப்ளெகல்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரோட குழு 97 ஆய்வுகள, 28 லட்சத்துக்கு மேல ஆளுங்கள சேத்துப் பாத்தப்ப பி.எம்.ஐ 25லருந்து 30 உள்ளவங்களுக்கு சாவு விகிதம் நார்மல்னு சொல்றவங்கள விட 6 சதவீதம் கம்மியா வந்துச்சு, 35க்கு மேல போனவங்களுக்குத்தான் நல்லாக் கூடுச்சு. பெரிய சண்டையே நடந்துச்சு, 2016ல லான்செட்ல வந்த இன்னொரு பெரிய ஆய்வு சிகரெட் பிடிக்கிறவங்க, ஏற்கெனவே நோய் உள்ளவங்கள எல்லாம் எடுத்துட்டுப் பாத்து 20லருந்து 25தான் நல்லதுன்னு சொன்னுச்சு. அமெரிக்காவுல 5,145 சுகர் நோயாளிங்கள வச்சு லுக் அஹெட்னு ஒரு ஆய்வு, தீவிரமா எடை குறைக்க வச்சாங்க, சுகர் குறைஞ்சுச்சு, மாத்திரை குறைஞ்சுச்சு, நடமாட்டம் நல்லாச்சு, ஆனா மாரடைப்பு பக்கவாதம் குறையல, அதனால 2012ல நிப்பாட்டிட்டாங்க. டிவி போட்டியில கிலோ கணக்குல எடை குறைச்ச 14 பேர 6 வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரோட குழு பாத்தப்ப, அந்த உடம்புக்கு எரிக்க வேண்டியத விட ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியாத்தான் உடம்பு எரிச்சுக்கிட்டு இருந்துச்சு. எடை திரும்பி வந்த ஒருத்தர் உங்க முன்னாடி உக்காந்தா இந்த 500ஐ நெனச்சுக்கிட்டுப் பேசுங்க.

ஓ.பி.ல எப்படின்னா, வந்த குறைய மொதல்ல கேளுங்க, தொட்டுப் பாருங்க, இதே குறையோட 60 கிலோ ஆள் வந்தா என்ன டெஸ்ட் எழுதுவேனோ அத எழுதிருங்க. அதுக்கப்பறம், உங்க எடையப் பத்தியும் கொஞ்சம் பேசலாமாம்மான்னு அனுமதி கேளுங்க. வேணாம்னா விட்டுருங்க, அடுத்த தடவ அவுகளே பேசுவாக, திருப்பி வரணும்ல, அதான் முக்கியம், அவமானப்பட்டுப் போனவுக நோய் முத்துனப்பறம்தான் வருவாக. மாத்திரை சீட்டயும் வாங்கிப் பாருங்க, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாம் எடையக் கூட்டும், நாமளே எழுதிக் குடுத்துட்டு நாமளே திட்டக் கூடாது. புற்றுநோய் வார்டுக்குப் போனா ஒண்ண ஞாபகம் வச்சுக்கங்க, பருமனான நோயாளிக்கு பயந்துக்கிட்டு கீமோ மருந்தக் குறைச்சுக் குடுக்குற வழக்கம் இருந்துச்சு, உள்ளபடி என்ன எடையோ அதுக்கு முழு அளவு குடுங்கன்னு 2012லயே அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்ங்க சங்கம் சொல்லியாச்சு.

அப்பறம் சாமான். நம்ம ஓ.பி.ல கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் சேர்தான் கெடக்கு, அதுல உக்கார முடியாம நின்னுக்கிட்டே குறையச் சொல்லிட்டுப் போன ஆச்சிமாருகள நான் பாத்துருக்கேன், கைப்பிடி இல்லாத ஒரு பெஞ்ச இழுத்துப் போடுறதுக்கு சர்க்கார் உத்தரவு வேணாம். எடை மெஷின வராண்டாவுலருந்து எடுத்து திரைக்குப் பின்னாடி வைங்க. உங்க வார்டுல பி.பி. பாக்குற பெரிய பட்டை இருக்கா இல்லையான்னு நாளைக்கே சிஸ்டர்ட்ட கேளுங்க, இல்லன்னா வேணும்னு எழுதிக் கேட்டு இண்டெண்ட் போடுங்க, என்னாச்சுன்னு அடுத்த மாசம் எனக்கு எழுதுங்க.